ஜேசி ரோடு சீட் பெல்ட் கடை: பழைய கார் வாங்கறவங்க அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வாங்க

பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்கன்னா இஞ்சின், கிளட்ச், டயர், பெயிண்ட் எல்லாத்தையும் பார்த்து சொல்ல ஆளு கிடைப்பாங்க, சீட் பெல்ட்ட கழட்டி உள்ள என்ன இருக்குன்னு பார்த்து சொல்ற ஆளு ரொம்ப ரொம்ப கம்மி. ஜேசி ரோட்டுலேருந்து உள்ள போற ஒரு சந்துல அந்த வேலைய மட்டுமே முழு நேரமா பண்ற ஒரு சின்ன கடை இருக்கு. பேரு போட வேணாம்மா, இருக்கற வேலையே முடிக்க முடியலன்னு கடைக்கார அண்ணன் கேட்டுக்கிட்டதால பேரு எழுதல. அந்த வரிசைல எந்த சீட் கவர் கடைல கேட்டாலும் "பெல்ட் வேலையா, கேஜிஎஃப் அண்ணன் கிட்ட போங்க"ன்னு கை காட்டுவாங்க. அவரோட அப்பா கேஜிஎஃப்ல, அதாவது கோலார் தங்கச் சுரங்கத்துல வேலை பார்த்தவர், சுரங்கம் 2001ல மூடினப்புறம் குடும்பமே இங்க வந்துட்டாங்களாம், அதனால தமிழ்லயே பேசலாம், அது எனக்கு பெரிய நிம்மதி.

நாங்க இருக்கறது அல்சூர், வீட்டுக்காரருக்கு வேலை எலக்ட்ரானிக் சிட்டில, லீவு கிடைச்சா ஓசூர் கிருஷ்ணகிரி வழியா சேலத்துக்கு அம்மா வீட்டுக்கு போவோம். அந்த ஹைவேல போறவங்களுக்கு தெரியும், நாம ஒழுங்கா ஓட்டினாலும் லாரிக்காரர் திடீர்னு லேன் மாத்துவார், எதுத்தாப்ல ராங் சைடுல டிராக்டர் வரும். அதனால காரு சின்னதா இருந்தாலும் பரவால்ல, ஏர்பேக் பெல்ட் எல்லாம் சரியா இருக்கணும்னு நான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். கூட வேலை பார்க்கற ஒருத்தர் தான் இந்த கடைய சொன்னார்.

முதல்ல பார்த்த காரு ஒரு 2018 மாடல் ஹேட்ச்பேக், நல்ல சுத்தமா இருந்துச்சு, கிலோமீட்டரும் கம்மி. டீலர் யாருன்னு இங்க எழுதப் போறதில்ல. "பம்பர்ல மட்டும் லேசா டச் ஆச்சு மேடம், பெயிண்ட் அடிச்சாச்சு, வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாங்க. சாவி போட்டா ஏர்பேக் லைட் எரிஞ்சு சில செகண்டுல அணைஞ்சுது, அது தான் சரியான அறிகுறி, பெல்ட்டும் இழுத்தா வருது விட்டா போகுது. வெளிய பார்த்தா யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டு, மிச்சப் பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செக்கிங் இருக்குன்னு சொல்லி வண்டிய இந்த கடைக்கு கொண்டு வந்தோம்.

அண்ணன் முதல்ல பேட்டரியோட நெகடிவ் வயர கழட்டி ஓரமா வச்சுட்டு டீ சொன்னார். வேலைய தொடங்காம ஏன் உட்கார்ந்திருக்கார்னு வீட்டுக்காரர் பொறுமை இல்லாம கேட்டார். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள்ள கெப்பாசிட்டர் இருக்குமாம், பேட்டரிய கழட்டினாலும் கொஞ்ச நேரத்துக்கு அதுல சார்ஜ் நிக்கும், மோதும்போது பேட்டரி வயர் அறுந்து போனாலும் ஏர்பேக் வேலை செய்யணும்னு தான் அப்படி வச்சிருக்காங்க, அது இறங்கறதுக்கு முன்னாடி கைய வைக்கக் கூடாதுன்னு சொன்னார். அந்த ஒரு விஷயத்துலயே எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்துடுச்சு.

அப்புறம் டிரைவர் பக்கம் நடு தூணோட பிளாஸ்டிக் கவர கழட்டினார். கீழ பெல்ட் சுத்தி வச்சிருக்கற டப்பா இருக்கு, ரிட்ராக்டர்னு சொல்வாங்க. அதுக்கு வர்ற வயரோட கனெக்டர் மஞ்ச கலர்ல இருக்கும், ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர் எல்லாமே பொதுவா மஞ்ச தான். இந்த வண்டில அந்த மஞ்ச கனெக்டர் எதுலயும் மாட்டல, கருப்பு டேப் சுத்தி தூணுக்குள்ள சொருகி வச்சிருந்துச்சு. டேப்ப பிரிச்சா உள்ள கரண்ட்ட கொஞ்சம் தடுக்கற ஒரு சின்ன ரெசிஸ்டர், ரேடியோ ரிப்பேர் கடைல கிடைக்குமே அதே தான், கனெக்டரோட ரெண்டு பின்னுக்கும் நடுவுல சொருகி இருக்கு. அத எடுத்து என் உள்ளங்கைல வச்சு "இது தாம்மா உங்க பிரீடென்ஷனர்"னு சொன்னார். மோதும்போது பெல்ட்ட இறுக்கற பாகம் தான் பிரீடென்ஷனர், அது இருக்க வேண்டிய இடத்துல இது. எனக்கு கை ஜில்லுன்னு ஆயிடுச்சு.

இது என்ன வேலைன்னு புரியணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும், அண்ணன் எனக்கு சொன்னத என்னால முடிஞ்ச அளவு சொல்றேன். காரு முன்னாடி போய் பலமா மோதினா ஏர்பேக் கம்ப்யூட்டர் அத செகண்டுல நூறுல ஒண்ணு ரெண்டு பங்கு நேரத்துல கண்டுபிடிச்சுடும். உடனே பெல்ட் ரிட்ராக்டர்ல இருக்கற ஒரு சின்ன வெடி மருந்து குப்பிக்கு கரண்ட் அனுப்பும், அது வெடிச்சு வர்ற கேஸ் பெல்ட்ட பின்பக்கமா சடார்னு இழுக்கும். நாம உட்கார்ந்திருக்கும்போது சட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல எப்பவும் கொஞ்சம் லூஸ் இருக்கும், குளிர்ல ஸ்வெட்டர் போட்டிருந்தா இன்னும் ஜாஸ்தி. அந்த லூஸ எடுத்துட்டு உடம்ப சீட்டோட சேர்த்து கட்டறது தான் பிரீடென்ஷனர் வேலை. ஏர்பேக் முழுசா விரியறதுக்கு முன்னாடியே இது முடிஞ்சுடணும், ஏன்னா பை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துக்கு பக்கத்துல வெளிய வருது, அந்த நேரத்துல நம்ம மூஞ்சி ஸ்டியரிங் பக்கத்துல இருந்தா பையே நம்மள அடிச்சிடும். ஏர்பேக்குக்கு எஸ்ஆர்எஸ்னு பேரு போட்டிருக்கறதுல முதல் எஸ் சப்ளிமென்டரி, அதாவது துணைக்கு வர்றது, முக்கிய ஆளு பெல்ட்டு தான். முழு மோதலும் செகண்டுல பத்துல ஒரு பங்கு கிட்ட முடிஞ்சுடும், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள எல்லாம் ஆயிடும்.

அந்த குப்பி ஒரு தடவ வெடிச்சா அவ்ளோ தான், திரும்ப ஃபில் பண்ண முடியாது, முழு பெல்ட் செட்டையே புதுசா மாத்தணும். ஏர்பேக்கும் மாத்தணும், நிறைய வண்டில கம்ப்யூட்டரையும் மாத்தணும். செலவு நிறைய ஆகும். அந்த செலவ மிச்சம் பிடிக்கறதுக்கு தான் இந்த ரெசிஸ்டர் வேலை. கம்ப்யூட்டர் அந்த வயர்ல கொஞ்சூண்டு கரண்ட் அனுப்பி குப்பி இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும், ஏறக்குறைய ரெண்டு ஓம் தடை காட்டினா சரி இருக்குன்னு லைட்ட அணைச்சிடும். அந்த ரெண்டு ஓம்ம ஒரு ரெசிஸ்டர் போட்டு காட்டிட்டா கம்ப்யூட்டர் நம்பிடும், வாங்கற நாமளும் நம்பிடுவோம். இந்த வண்டில ஏர்பேக் இல்லாத பேஸ் வேரியண்ட்டுக்கு வர்ற சாதா பெல்ட்ட மாட்டி வச்சிருந்தாங்க, அதுல குப்பியே கிடையாது. இழுத்தா வரும், விட்டா போகும், பார்த்தா வித்தியாசமே தெரியாது. பம்பர்ல லேசா டச் ஆன வண்டில பிரீடென்ஷனர் வெடிக்காது. அது வெடிச்சிருக்குன்னா நல்ல பலமான மோதல், பொய் சொன்னது அங்கயே தெரிஞ்சு போச்சு.

இன்னொன்னும் காட்டினார், அது தான் எனக்கு இன்னமும் மனசுல நிக்குது. பின் சீட்டு இடது பக்கத்து பெல்ட்ட முழுசா வெளிய இழுத்து வெளிச்சத்துல பிடிச்சார். நாக்கு மாதிரி இருக்கற இரும்பு பூட்டு பெல்ட்டுல ஓடற இடத்துல, ஒரு விரல் நீளத்துக்கு துணி பளபளன்னு வழவழப்பா இருந்துச்சு, மத்த இடம் எல்லாம் சொரசொரன்னு நெசவு தெரியுது, அந்த இடத்துல மட்டும் இழை உருகி ஒட்டிக்கிட்ட மாதிரி. பெல்ட்டு பாலியெஸ்டர், பெரிய பாரம் விழும்போது இரும்புல உரசி வர்ற சூட்டுல அப்படி ஆயிடுமாம். அந்த மோதல்ல பின்னாடி யாரோ பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்காங்க, அது அவங்கள பிடிச்சு நிறுத்தியிருக்கு. நான் அந்த இடத்த தடவிப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்படி ஒரு தடவ பாரம் வாங்கின பெல்ட்ட திரும்ப நம்பக் கூடாது, இழை நீண்டு போயிருக்கும், அடுத்த தடவ அதே பலம் இருக்காது.

முன் பெல்ட்டுல லோட் லிமிட்டர்னு இன்னொரு சமாச்சாரம் இருக்கு. பழைய கழட்டின ரிட்ராக்டர் ஒண்ண வெட்டி வச்சிருக்கார், நடுவுல விரல் தடிமனுக்கு ஒரு இரும்பு கம்பி, கேக்கறவங்களுக்கு எடுத்து காட்டுவார். பெல்ட் உடம்ப ஒரேயடியா இறுக்கிப் பிடிச்சா நெஞ்செலும்பு உடைஞ்சிடும், அதனால நெஞ்சு மேல வர்ற பலம் 400லேருந்து 600 கிலோ எடை அளவுக்கு போனதும் அந்த கம்பி முறுக்கிக்கிட்டு பெல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுக்கும். முதல்ல இழுக்கணும், அப்புறம் விடணும், ரெண்டும் அந்த பத்துல ஒரு செகண்டுக்குள்ள. அவர் வச்சிருந்த கம்பி முறுக்கு விழுந்து புரி புரியா இருந்துச்சு.

50 கிலோமீட்டர் வேகம் தானே, சிட்டிக்குள்ள பெல்ட் எதுக்குன்னு கேக்கறவங்க நம்ம வீட்டுலயே இருக்காங்க, என் மாமனாரே கேப்பார். 50ல மோதி நிக்கறதுன்னா மூணாவது மாடிலேருந்து தரைல விழற வேகம், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரம் வருது. 70 கிலோ ஆள பத்துல ஒரு செகண்டுல நிறுத்தணும்னா ஏறக்குறைய ஒரு டன் பலம் வேணும், கைய ஊனி தாங்கிக்குவேன்னு யாரும் நினைக்காதீங்க. 10 கிலோ குழந்தைய மடில வச்சிருந்தா அந்த நேரத்துல அது 140 கிலோ மாதிரி இழுக்கும், எந்த அம்மாவாலயும் பிடிச்சு வைக்க முடியாது. மடில குழந்தைய வச்சுக்கிட்டு முன் சீட்டுல போறவங்கள அவுட்டர் ரிங் ரோட்டுல பார்க்கறப்ப எனக்கு வயித்த கலக்குது.

கடைக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் "பெல்ட் லாக் ஆகுது, ரிப்பேர் பண்ணுங்க"ன்னு தான் வர்றாங்களாம். லாக் ஆகறது தான் அதோட வேலை. உள்ள ரெண்டு விதமா பூட்டு இருக்கு. ஒண்ணு ஒரு சின்ன குண்டு, வண்டி திடீர்னு நின்னாலோ சாஞ்சாலோ அது இடம் நகர்ந்து பல் சக்கரத்த பூட்டும், அதனால தான் மேட்டுல நிறுத்தி பெல்ட்ட இழுத்தா சில சமயம் வராது. இன்னொன்னு பெல்ட் வேகமா உருவினா பூட்டறது. மெதுவா இழுத்தா வரணும், வெடுக்குன்னு இழுத்தா நிக்கணும், விட்டா முழுசா உள்ள போகணும், இத வீட்டு வாசல்லயே ஒவ்வொரு சீட்டுக்கும் பார்த்துக்கலாம். விட்டா மெதுவா போகுதுன்னா பாதி நேரம் அழுக்கு தான் காரணம், மிதமான சோப்பு தண்ணில துடைச்சு நிழல்ல காய விட்டா சரியாயிடும். பிளீச் போட்டா இழை போயிடும், ரிட்ராக்டருக்குள்ள ஆயில் ஸ்பிரே அடிக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொன்னார்.

அந்த காரு வேணாம்னு சொல்லிட்டோம். அட்வான்ஸ் திரும்ப வாங்க நிறைய சண்ட போட வேண்டியிருந்துச்சு, அண்ணன் போட்டோ எடுத்து கையெழுத்து போட்டு எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் இல்லன்னா கிடைச்சிருக்காது. அப்புறம் வேற ஒரு வண்டி, ஒரே ஓனர், அதையும் இங்கயே கொண்டு வந்து பார்த்துட்டு தான் வாங்கினோம். அதுல பெல்ட் எல்லாம் ஒரிஜினல். பெல்ட்டோட அடி முனைல ஒரு துணி லேபிள் தைச்சிருக்கும், தயாரிப்பு தேதி அதுல இருக்கும், வண்டி வருஷத்தோட ஒத்துப் போகுதான்னு பார்க்கணும், இத நீங்களே பார்க்கலாம். ஒரே பிரச்சனை, பழைய ஓனர் போட்ட சீட் கவர் பின் சீட்டு பக்கிள் மூணையும் உள்ள அமுக்கி மூடியிருந்துச்சு. இது நம்ம ஊர்ல பாதி காருல இருக்கு, கவர் அழகா இருக்கணும்னு பக்கிள முழுங்க வச்சிடறாங்க. அண்ணன் கவர வெட்டி ஓரம் தைச்சு பக்கிள வெளிய எடுத்துக் கொடுத்தார். சீட்டுக்குள்ளயே சைடு ஏர்பேக் இருக்கற வண்டின்னா கவர் போடறதே யோசிச்சு போடணும், அதுக்குன்னு தையல் பிரியற மாதிரி வர்ற கவர் தான் போடணும்.

பின் சீட்டு பெல்ட் பத்தி நான் கொஞ்சம் கோவமா தான் எழுதுவேன். 2022ல நாட்டுல சீட் பெல்ட் போடாம செத்தவங்க 16,715 பேர்னு மத்திய ரோடு போக்குவரத்து அமைச்சகத்தோட ரிப்போர்ட் சொல்லுது, அதுல 8,331 பேர் ஓட்டாம கூட உட்கார்ந்து வந்தவங்க. அதே வருஷம் செப்டம்பர் 4ம் தேதி மகாராஷ்டிரா பால்கர் பக்கத்துல கார் விபத்துல டாடா சன்ஸோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தப்ப பின் சீட்டுல பெல்ட் போடாம இருந்தார்னு போலீஸ் சொன்னாங்க, அவ்ளோ நல்ல காரு. ஒரு வாரம் எல்லாரும் அதையே பேசினோம், அப்புறம் மறந்தாச்சு. பின்னாடி பெல்ட் போடாத ஆளு முன் சீட்டு மேல வந்து விழுவார், அப்ப முன்னாடி பெல்ட் போட்டு ஒழுங்கா உட்கார்ந்திருக்கறவருக்கும் சேர்த்து ஆபத்து. சட்டப்படி பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடலன்னா 1000 ரூபா ஃபைன்.

இந்த கடைல எனக்கு ரொம்ப பிடிச்சது அவர் முடியாதுன்னு சொல்ற வேலைங்க. மோதின வண்டிலேருந்து கழட்டின பழைய பெல்ட் மாட்ட மாட்டார், எவ்ளோ காசு கொடுத்தாலும். கிழிஞ்ச பெல்ட்ட தைச்சு தர மாட்டார். நாங்க இருக்கும்போதே ஒரு தம்பி பெல்ட் போடலன்னா வர்ற பீப் சத்தத்த நிறுத்த பக்கிள்ல சொருகற கிளிப் இருக்கான்னு கேட்டு வந்தான், "அது இங்க கிடையாது ராஜா, வெளில வித்தாலும் வாங்காத"ன்னு அனுப்பிட்டார். அந்த கிளிப்ப ஆன்லைன்ல வித்ததுக்கு 2023ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் உட்பட அஞ்சு கம்பெனிக்கு ஆர்டர் போட்டு, 13,000க்கு மேல லிஸ்டிங்க எடுக்க வச்சாங்க. கழுத்துல உறுத்துதுன்னு பெல்ட்ட லூஸா நிறுத்தி வைக்கற கிளிப்பும் அதே மாதிரி கெட்டது தான், பிரீடென்ஷனர் எடுக்க வேண்டிய லூஸ நாமளே கூட்டி வைக்கறோம். உறுத்தினா தூண்ல மேல கீழ நகர்த்தற அட்ஜஸ்டர் இருக்கும், அத இறக்கிக்கலாம், இல்ல சீட்ட ஏத்திக்கலாம்.

எப்படி போடணும்னும் என்ன உட்கார வச்சு காட்டினார். கீழ் பட்டை வயித்து மேல இருக்கக் கூடாது, இடுப்பெலும்பு மேல தாழ்வா இறுக்கமா இருக்கணும், கர்ப்பிணிங்களுக்கும் வயித்துக்கு கீழ தான். மேல் பட்டை தோள் நடுவுல, கக்கத்துக்கு கீழ விடக் கூடாது. சீட்ட படுக்க வச்சுக்கிட்டு தூங்கிட்டே போனா மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடில வழுக்கி போயிடும், பட்டை வயித்துக்கு ஏறி குடல் கிழியற அளவுக்கு போகும். சேலம் போற வழில நான் எப்பவும் சீட்ட சாய்ச்சு தூங்கற ஆளு, இப்ப நிமிர்த்தி வச்சு தான் தூங்கறேன், கழுத்து வலிச்சாலும் பரவால்ல. மூணு பாயிண்ட் பெல்ட்ட 1959ல வோல்வோல கொண்டு வந்த நில்ஸ் போலின் அதுக்கு முன்னாடி ஆபத்துல பைலட்ட வெளிய தூக்கிப் போடற விமான இஜெக்‌ஷன் சீட் வேலைல இருந்தவர், அந்த பேட்டன்ட்ட மத்த கம்பெனிங்களும் யூஸ் பண்ணிக்கட்டும்னு வோல்வோ திறந்து விட்டுட்டாங்க. போலினோட சின்ன போட்டோ ஒண்ண அண்ணன் கல்லா மேல சாமி படத்துக்கு பக்கத்துல ஒட்டி வச்சிருக்கார், இந்த வேலை மேல அண்ணனுக்கு இருக்கற மரியாதைய பார்த்து எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

குறைன்னா, இருக்கு. பார்க்கிங் சுத்தமா கிடையாது, ரோடு ஒன்வே, சந்து தாண்டிட்டீங்கன்னா மறுபடி சுத்தி வரணும். போன்ல டைம் கொடுக்க மாட்டார், போனா வரிசைல தான் பார்ப்பார், பாதி நாள் அங்கயே போயிடும், உட்கார ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் தான். லேடீஸுக்கு டாய்லெட் வசதி இல்ல, இது நிஜமான பிரச்சனை. வேலைக்கு அண்ணன் கூட ஒரு பையன் தான் இருக்கான், இன்னொரு ஆள வச்சுக்கிட்டா இவ்ளோ நேரம் ஆகாது. புது பெல்ட் செட் கையில ஸ்டாக் இருக்காது, கம்பெனி டீலர் கிட்ட ஆர்டர் போட்டு தான் வரும், வர்ற வரைக்கும் அந்த சீட்டுல யாரையும் உட்கார வைக்காதீங்கன்னு சொல்லி அனுப்புவார். காசு நியாயம். நாலு பக்கமும் கவர் கழட்டி, ஸ்கேனர் போட்டு, திரும்ப போல்ட்ட இறுக்கத்த அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கி, ரிப்போர்ட் எழுதித் தர்றதுக்கு 1200 ரூபா வாங்கினார், அந்த காருக்கு நாங்க கொடுக்க இருந்த பணத்த நினைச்சா அது ஒண்ணுமே இல்ல. பெல்ட் போல்ட் 7/16 இன்ச் தனி திரெட், அதுக்கு பதிலா வேற போல்ட் போட்டிருக்காங்களான்னும் பார்க்கறார்.

போறவங்க காலைல கடை திறக்கற நேரத்துக்கே போயிடுங்க, பத்தரை மணிக்கு மேல சந்துல வண்டிய உள்ள விடவே முடியாது. ஆர்சி காப்பி எடுத்துட்டு போங்க, உங்க வேரியண்ட்டுக்கு எந்த பெல்ட் வரணும்னு சேசிஸ் நம்பர வச்சு தான் பார்ப்பார். இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ல ஏற்கனவே ரிப்பேர் ஆன வண்டின்னா அந்த பில்லும் வேணும், பெல்ட் மாத்தினதா எழுதி காசு வாங்கிட்டு மாத்தாம விட்ட கேஸ் அவர் கிட்ட வந்திருக்காம். ஞாயித்துக்கிழமை லீவு.